நன்றியுரை: கா. மோகனப்பிரியா

நாகூரிலிருந்து தஞ்சாவூர்ப் பக்கம் போகும் காலை ரயிலில் மீன்காரப் பெண்களுக்கென்று யாரும் பெட்டி ஒதுக்கவில்லை. ஆனாலும் கடைசிப் பெட்டிதான் அவர்களுடையது என்பது அந்த ரயிலில் ஏறுகிற எல்லோருக்கும் தெரியும். அன்னக்கூடையைத் தூக்கிக்கொண்டு வேறு பெட்டியில் கால் வைத்துப் பார்க்கட்டும், மூக்கைப் பொத்திக்கொண்டே விரட்டுவார்கள். விரட்டுகிற அதே வாய்தான் ஞாயிற்றுக்கிழமையானால் சங்கரா மீன் கேட்கும்.

நாகரத்தினம் இருபது வருஷமாக அந்தக் கடைசிப் பெட்டியில் நீடாமங்கலம் போய், தெருத்தெருவாக மீன் விற்றுவிட்டுத் திரும்புகிறாள். மகள் மோகனப்பிரியா மூன்று வருஷமாக அதே ரயிலில் முன்பெட்டியில் போகிறாள். நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் பி.ஏ. ஆங்கில இலக்கியம். ஒரே வீட்டிலிருந்து கிளம்பி, ஒரே ஸ்டேஷனுக்கு நடந்து வந்து, பிளாட்பாரத்தில் ஆளுக்கொரு பக்கம் பிரிந்துவிடுவார்கள். முதல் நாள், "நீ முன்னாடி ஏறிக்கடி, துணியில வாடை புடிச்சிக்கும்" என்று அம்மாதான் சொன்னாள். அம்மா அப்படிச் சொல்ல மாட்டாளா என்று மகள் காத்துக்கொண்டிருந்தது நாகரத்தினத்துக்குத் தெரிந்ததோ என்னவோ, இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை.

இன்று மட்டும் இருவரும் முன்பெட்டியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து போனார்கள். ஆங்கிலத் துறையின் ஆண்டு விழா. பெற்றோர்களையும் அழைத்திருந்தார்கள். மோகனப்பிரியா எழுதிய கட்டுரை மேடையில் படிக்கப்படப்போகிறது. அதற்காக நாகரத்தினம் ஒரு நாள் வியாபாரத்தை விட்டிருந்தாள், டிரங்குப் பெட்டியில் கிடந்த பச்சைப் புடவையை எடுத்துக் கட்டியிருந்தாள், எலுமிச்சந்தோலால் கையை இரண்டு தடவை தேய்த்துக் கழுவியிருந்தாள்.

"என்னப் பத்தியா எழுதியிருக்க? என்னத்தடி எழுதுன, கெழங்காம் மீன் வெலையா?"

"வந்து கேளு."

"இங்கிலீஷுல சொன்னா எனக்கு என்ன வெளங்கும்?"

"என் பேரு சொல்லுவாங்கல்ல, அது வெளங்கும்" என்றாள் மோகனப்பிரியா. இன்று காலை அவளுக்கு இருந்த சந்தோஷத்துக்கு அளவே இல்லை.

கட்டுரைக்கு 'மை மதர்ஸ் ஹேண்ட்ஸ்' என்று தலைப்பு வைத்திருந்தாள். அம்மாவின் கைகள். போன பருவத்தில் எழுத்துப் பயிற்சித் தாளுக்காக எழுதிக்கொடுத்தது. வீட்டுக்கு வந்ததும் அம்மா எலுமிச்சந்தோலால் கையைத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் மகளின் புத்தகத்தைத் தொடுவாள். அதைப் பற்றித்தான் கட்டுரை. துறைத் தலைவர் தியாகேசன் படித்துவிட்டு, மூன்று காற்புள்ளி திருத்தி, "ரொம்ப நல்லா வந்திருக்கும்மா. மலர்ல போடுவோம், விழாவுலயும் படிக்கணும்" என்றார். யார் படிப்பது என்று அவர் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. தன் கட்டுரையைத் தான்தானே படிக்கப்போகிறோம் என்று நினைத்த அந்த வெகுளித்தனத்தை என்னவென்று சொல்வது!

கல்லூரி வாசலில் நிகழ்ச்சி நிரலைக் கொடுத்தார்கள். கட்டுரை வாசிப்பு: முனைவர் தியாகேசன், 'மை மதர்ஸ் ஹேண்ட்ஸ்'. எல்லாவற்றுக்கும் கீழே, நன்றியுரை: கா. மோகனப்பிரியா, மூன்றாமாண்டு.

அம்மாவை அரங்கில் உட்காரவைத்துவிட்டுத் துறை அறைக்கு ஓடினாள்.

"சார், அந்தக் கட்டுரை என்னோடது சார்."

தியாகேசன் வேட்டி மடிப்பைச் சரிசெய்துகொண்டே நிமிர்ந்து பார்த்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை.

"ஐடியா உன்னோடதும்மா, இல்லேங்கல. அத ஒரு பேப்பரா ஆக்குனது யாரு? மீன், கூடை, ரயிலுன்னு எழுதினா வெளியூர்லேருந்து வர்ற விருந்தினருக்கு என்ன புரியும்? நான்தான் நடவு நடுற அம்மாவா மாத்தினேன். டெல்டான்னா வயல்தானே. அதோட, மலர்ல வந்தா எனக்குப் பிரமோஷனுக்குப் பாயிண்ட் உண்டு, உனக்கு அதனால ஒண்ணும் இல்ல. உனக்குத்தான் வோட் ஆஃப் தேங்க்ஸ் குடுத்திருக்கேனே, எத்தன பேரு கேட்டாங்க தெரியுமா?" குரலைத் தாழ்த்தினார். "எம்.ஏ. சீட்டுக்குச் சிபாரிசு லெட்டர் நான்தான் போடணும். ஞாபகத்துல வச்சுக்க."

நன்றியுரை எழுதிய தாளைக் கையில் கொடுத்தார். அது துறையில் வருஷா வருஷம் கை மாறும் தாள். விருந்தினர் பெயரை மட்டும் அடித்துவிட்டு எழுதினால் போதும்.

விழா தொடங்கியது. தியாகேசன் மைக்கைப் பிடித்து 'மை மதர்' என்றதும் குரல் தழுதழுத்தது. அவர் வீட்டுக்கு மூன்று வேலி நிலம். அவருடைய அம்மா வரப்பில் குடை பிடித்து நின்று ஆள் ஏவினவர் என்று அவரே வகுப்பில் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். மேடையில் உட்கார்ந்திருந்த மற்ற ஆசிரியர்களுக்கும் இது தெரியும். ஒருவராவது வாயைத் திறக்க வேண்டுமே! முகத்தை உருக்கமாக வைத்துக்கொண்டு தலையாட்டினார்கள்.

மோகனப்பிரியாவின் வாக்கியங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. மீன் இருந்த இடத்தில் நாற்று இருந்தது, ரயில் இருந்த இடத்தில் வரப்பு. மற்றபடி எல்லாம் அவள் எழுதினது எழுதினபடியே.

"பெற்றோர்களுக்காகத் தமிழ்லயும் சொல்றேன்" என்று கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார் தியாகேசன். "எங்கம்மா பொழுதன்னைக்கும் நாத்து நட்டுட்டு வருவாங்க. வந்து, எலுமிச்சந்தோலால கையத் தேச்சிக் கழுவிட்டுத்தான் என் புஸ்தகத்தத் தொடுவாங்க."

அரங்கம் கைதட்டியது. இரண்டாவது வரிசையில் நாகரத்தினமும் தட்டினாள்.

கடைசியில் மோகனப்பிரியாவைக் கூப்பிட்டார்கள். மைக் அவள் கையில் இருந்தது. 'அந்தக் கட்டுரை என்னுடையது, அந்தக் கைகள் அதோ உட்கார்ந்திருக்கும் என் அம்மாவுடையவை.' இவ்வளவுதான் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் சொல்லத் தெரியும், தமிழில் சொல்லத் தெரியும். அம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேடை நாற்காலியில் இருந்து தியாகேசனும் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் தாளைப் படித்தாள். தாளில் 'தியாகேசன் சாரின் உரைக்கு நன்றி' என்றுதான் இருந்தது. 'நெஞ்சைத் தொட்ட' என்பதை அவளே ஆங்கிலத்தில் சேர்த்துச் சொன்னாள். யாரும் அவளைச் சேர்க்கச் சொல்லவில்லை. தியாகேசன் திருப்தியாகத் தலையை அசைத்தார். நாகரத்தினம் எழுந்து நின்று கைதட்டினாள்.

சாயங்கால ரயிலில் கூட்டமில்லை. நாகரத்தினம் விழா மலரை மடியில் வைத்துக்கொண்டு, திறக்காமல், மேலட்டையை மட்டும் தடவிக்கொண்டே வந்தாள். கொரடாச்சேரி தாண்டும்வரை, மகள் மைக்கில் பேசின அழகைப் பற்றியே பேச்சு. வண்டி திருவாரூரில் நின்றபோது கேட்டாள்:

"ஏன்டி, நாத்து நடுற கைக்கு எலுமிச்சந்தோலு எதுக்கு? சேறு தண்ணியில போயிருமே."

மோகனப்பிரியா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அது என் கைதான?"

"ஆமாம்மா."

"நீ எழுதுனதா?"

"ஆமா. லெட்டர் அவர்தாம்மா குடுக்கணும், எம்.ஏ.வுக்கு. சொன்னா ஒண்ணும் நடக்காது."

"மைக்கு உன் கையிலதான இருந்துச்சு?"

மகள் குனிந்துகொண்டாள். அழுகை வந்தது. நாகரத்தினம் திட்டவில்லை, தேற்றவும் இல்லை. "அவருக்குப் போயி நன்றி சொன்னியா நீ" என்றாள், தனக்குத்தானே சொல்லிப் பார்ப்பதுபோல. மலரை எடுத்துப் பக்கத்து இருக்கையில் வைத்தாள். எழுந்தாள்.

"எங்கம்மா போற?"

"நீ இதுலயே வா."

பிளாட்பாரத்தில் இறங்கி அவள் பின்பக்கமாக நடந்தாள். மோகனப்பிரியா ஜன்னல் கம்பியில் முகத்தை அழுத்திப் பார்த்தாள். கடைசிப் பெட்டியின் வாசலில் காலி அன்னக்கூடைகளோடு நின்றிருந்த பெண்கள் கை கொடுத்து நாகரத்தினத்தை மேலே ஏற்றிக்கொண்டார்கள். இன்று அவளிடம் கூடை இல்லை, புடவையில் மீன் வாடையும் இல்லை. எந்தப் பெட்டியிலும் உட்கார்ந்து வந்திருக்கலாம்.