போர்டு இல்லாத கடை

ஆபீஸில் மதியச் சாப்பாட்டு மேசையில் சுயம்பு சார் மீன் ஊறுகாய் பாட்டிலைக் கவிழ்த்து அடியில் தட்டினார். ஒரு சொட்டு எண்ணெய்தான் விழுந்தது. வீட்டிலிருந்து அவர் கொண்டுவந்த எலுமிச்சங்காயும், யாரோ வாங்கி வைத்த பாக்கெட் மாங்காய் ஊறுகாயும் தொடப்படாமல் கிடந்தன.

"ரெஜின், அந்தக் கடையில இன்னும் ரெண்டு பாட்டில் வாங்கித் தாரும். பெங்களூர்ல மகளுக்கு அனுப்பணும்."

"பாக்கேன் சார்," என்றான் ரெஜின்.

கடை என்று ஒன்று கிடையாது. கடற்கரை ஊரான கடியப்பட்டணத்தில் அவன் அக்கா குளோரி, தலையில் சுமந்து விற்கிற சூரை மீனில் நல்ல துண்டுகளை முதலிலேயே தம்பிக்கென்று ஒதுக்கிவிடுவாள். பொரித்து, இஞ்சியும் பூண்டும் நல்லெண்ணெயில் வதக்கி, வினிகர் ஊற்றி ஆறவைத்து அடைத்துத் தருவாள். அந்த மீன் சுமைதான் அவனைப் படிக்க வைத்து நாகர்கோவிலில் இந்த நாற்காலியில் உட்கார வைத்தது. அவன் வேலையில் சேர்ந்த புதிதில், தண்ணீர் கேட்டு ஆபீஸ் வராந்தாவுக்கு ஒரு மீன்காரி வந்தாள். அவள் போனதும் சுயம்பு சார் அவள் நின்ற இடத்தைப் பினாயில் ஊற்றிக் கழுவச் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். ரெஜினும் சிரித்தான். அன்றிலிருந்து யார் ஊர் கேட்டாலும் கடியப்பட்டணத்தைச் சொல்லாமல், பக்கத்து மணவாளக்குறிச்சி என்றுதான் சொன்னான். பிறகொரு நாள் சுயம்பு சார் ஊறுகாயை ருசித்துவிட்டு யார் செய்தது என்று கேட்டபோது, "கடையில வாங்கினது சார்" என்பது யோசிக்காமலே வாயில் வந்துவிட்டது.

சார் இரண்டு பாட்டில் கேட்ட அன்று மாலை போனில் விஷயத்தைச் சொன்னதும் குளோரிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "நம்ம ஊறுகாயையா? பெரிய சாருமாரா கேக்காவ?" என்று இரண்டு தடவை கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை வந்து வாங்கிக்கொள்வதாகச் சொன்னவன், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று போகாமல் இருந்துவிட்டான். ஆகவே அவளே புறப்பட்டு வந்துவிட்டாள்.

ஆபீஸ் வாசலில் அவளைக் கண்டதும் ரெஜின் நாற்காலியை மேசைக்குள் இழுத்துக்கொண்டான். ஞாயிறு பூசைக்கு உடுத்துகிற சேலையை உடுத்தி, முகத்தில் பவுடர் போட்டு, மல்லிகைப்பூ வைத்து வந்திருந்தாள். தம்பிக்குக் குறைவு வரக்கூடாதென்று பார்த்துப் பார்த்து ஒருங்கி வந்தது தெரிந்தது. அவள் வாயைத் திறப்பதற்குள் பையிலிருந்த பாட்டில்கள் சுயம்பு சாரின் கண்ணில் பட்டுவிட்டன.

"அடடே, கடையில இருந்து ஆளே வந்தாச்சா! ரெஜின், உம்ம ஊறுகாய்க்கடை அம்மாவப் பாரும்!"

குளோரி ரெஜினைப் பார்த்தாள். எழுந்து நின்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவன் கம்ப்யூட்டரின் பக்கம் குனிந்து, ஏற்கெனவே முடித்த பக்கத்தைத் திரும்பத் திறந்தான்.

"ஆமா சார்," என்றாள் குளோரி. "கடையில இருந்துதான் வாறேன். இந்தச் சாரு போன்ல சொல்லியிருந்தாவ."

"கடை எங்கம்மா? பேரென்ன?"

"போர்டொண்ணும் கெடையாது சார்."

"அப்படியே வீட்டுல செஞ்ச ருசி."

"கடை ஊறுகாதான் சார்."

பாட்டில்களை மேசைமேல் வைத்து, மூடியில் கசிந்திருந்த எண்ணெயை முந்தானையால் துடைத்தாள். விலை கேட்டதற்கு, சாரு தந்தாச்சு என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். பூவின் வாசம் மட்டும் கொஞ்ச நேரம் அங்கே நின்றது.

ரெஜின் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது அவள் எதிரே பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்தாள்.

"அக்கா, ஒரு காப்பி குடிச்சிட்டுப் போலாம்."

"வேண்டாம் மக்கா. ஒன்னய தேடுவாவ." பிறகு ஆசையாகக் கேட்டாள்: "ஒறப்பு கூடிப்போச்சோ? சாருமாருக்குப் பிடிச்சிருக்குல்லா?"

அவள் முகத்தில் கோபத்தைத் தேடினான். இருந்திருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். "பிடிச்சிருக்கு" என்றான். பஸ் வந்தது. சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறினாள்.

டீ குடிக்க இறங்கிவந்த சுயம்பு சார் அவன் பக்கத்தில் வந்து நின்றார். "என்ன வே, கடைக்காரம்மாவ பஸ் ஏத்தி விடவா வந்தீரு?"

"அது எங்க அக்கா, சார்."

"பின்னே, அந்த அக்காவத்தான் சொல்லுதேன். போன் நம்பர் வாங்கினீரா?"

அப்படியில்லை, கூடப் பிறந்தவள் என்று சொல்ல ரெஜின் திரும்பினான். அவர் அதற்குள் டீக்கடைப் பக்கம் நடந்திருந்தார். பஸ் நகர்ந்தது. முன்பக்கம் இரண்டு இருக்கைகள் காலியாகக் கிடந்தன. பூசைச் சேலையும் பூவுமாக குளோரி, மீன்கூடையோடு ஏறுகிற பழக்கத்தில், கடைசிப் படியை ஒட்டி, யார்மேலும் படாமல் ஒதுங்கி, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.