நான்கு வாஷர்கள்

என் வீட்டுக்காரரோடு நான் பேசி ஒன்பது நாள் ஆகியிருந்தது. ஒரே பட்டறையில், ஒரே வண்டிக்கு அடியில், ஒரே ஆக்ஸிலைப் பிரித்துக் கோத்துக்கொண்டு ஒன்பது நாள் வாய் திறக்காமல் இருப்பது லேசுப்பட்ட காரியமில்லை. ஸ்பானர் வேண்டுமென்றால் எழுந்து போய் நாமே எடுக்க வேண்டும். ஜாக்கியை இறக்கும்போது "கால் பத்திரம்" என்று சொல்ல முடியாது, இருமிக் காட்ட வேண்டும். அந்த ஒன்பது நாளும் இரண்டு பேரும் மாறி மாறி இருமியதில் பக்கத்துத் தையல்காரர் மருந்து வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார்.

சண்டைக்குக் காரணம் எங்கள் ஒரே மகள். துறைமுகத்தில் கிரேன் பழுது பார்க்கும் வேலை அவளுக்குக் கிடைத்திருந்தது. மலையைத் தாண்டி ஆறு மணி நேரப் பயணம். நான் வேண்டாம் என்றேன். இங்கே சொந்தப் பட்டறை இருக்கிறது, கூட நிற்க நான் இருக்கிறேன், எவனோ ஒருவனுடைய கிரேனுக்குக் கிரீஸ் வைக்க இவள் எதற்கு? இந்த மனுஷன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், "பின்னாடி நிக்கிற பழைய பிக்கப்பை எடுத்துக்கம்மா, ஆக்ஸிலைச் சரி பண்ணித் தர்றோம்" என்று அவளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். தர்றோமாம். அவருக்கு இன்ஜின் கைவந்த வேலை. பின் ஆக்ஸில் என் வேலை. அது அவருக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும்.

முடியாது என்று இரண்டு நாள் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் நாள் அவர் புது பேரிங்கைச் சுத்தியலால் அடித்து இறக்குவதைப் பார்த்ததும் தாங்கவில்லை. அவரைத் தள்ளிவிட்டு நானே உட்கார்ந்துவிட்டேன். கோபம் அவர் மேல், பேரிங் என்ன பாவம் செய்தது?

எட்டு வருடம் மழையில் நின்ற வெள்ளை வண்டி அது. ஆக்ஸில் கூட்டைத் திறந்தால் ஆயிலும் தண்ணீரும் கலந்து பால் விட்ட காபி மாதிரி ஊற்றியது. பேரிங் அத்தனையும் துரு. கிரவுன் வீல், பினியன் என்ற இரண்டு பல்சக்கரங்கள் மட்டும் எப்படியோ தப்பித்திருந்தன. பல்லில் நீல மை தடவிச் சுற்றிப் பார்ப்பேன். பல் உரசிய தடம் நடுவில் விழாமல் ஓரத்தில் விழும். பிரித்து, மெல்லிய தகடு ஒன்றைக் கூட்டி அல்லது குறைத்து, மறுபடி கோப்பேன். ஏழு தடவை பிரித்தேன். ஒவ்வொரு தடவையும் இது பொருந்தாமலே போகட்டும் என்று நினைப்பேன், அடுத்த நிமிடம் பொருந்தவில்லையே என்று பல்லைக் கடிப்பேன். எட்டாவது தடவை தடம் கச்சிதமாக நடுவில் விழுந்தது. பெருமையாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது.

எங்கள் பட்டறையில் ஒரு சட்டம் உண்டு. முறுக்கியவர் மஞ்சள் வைக்கக் கூடாது. ஒருவர் நட்டை முறுக்கினால் மற்றவர், சரியான இறுக்கம் வந்தால் டிக் என்று சொல்லும் டார்க் ஸ்பானர் போட்டுச் சரிபார்த்து, அதன் மேல் மஞ்சள் பெயிண்டால் ஒரு கோடு இழுக்க வேண்டும். கல்யாணமான புதிதில் ஒரு வண்டிச் சக்கரத்தை அவர் முறுக்கியிருப்பார் என்று நானும், நான் முறுக்கியிருப்பேன் என்று அவரும் விட்டுவிட்டோம். அந்தச் சக்கரம் நடுச்சாலையில் எங்களை முந்திக்கொண்டு போனது. அன்றைக்குப் போட்ட சட்டம்.

பத்தாம் நாள் காலை ஏழு மணிக்கு மகள் கிளம்பினாள். கட்டில், மெத்தை, இரண்டு பெட்டி, அவளுடைய ஸ்பானர் செட். "போய்ட்டு வரேம்மா" என்றாள். நான் "ம்" என்றேன். அதற்கு மேல் வாயைத் திறந்திருந்தால் நல்லதாக வந்திருக்காது. வண்டி தெருமுனையில் திரும்பும்வரை அவர் வாசலில் நின்றார்.

எனக்கு உட்கார முடியவில்லை. பெருக்கிய தரையையே மறுபடி பெருக்கினேன். காலி ஜாக்கியை ஏற்றி இறக்கினேன். காபி போட்டு, குடிக்க மறந்து, ஆறிப்போனதைக் கீழே ஊற்றினேன். கடைசியில் மேஜையை ஒழிக்கலாம் என்று பழைய டப்பா மூடியை எடுத்தேன். உள்ளே நான்கு ஸ்பிரிங் வாஷர்கள் கிடந்தன, நட்டு தானாகக் கழலாமல் இருக்க அடியில் போடும் வளையங்கள்.

அந்த வண்டியில் ஒரு பின்சக்கரத்தை உள்ளே பிடித்து நிறுத்துவது நான்கே நான்கு நட்டுகள். அவை கழன்றால் சக்கரம், அதைச் சுற்றும் ஆக்ஸில் ராடோடு சேர்த்து உருவிக்கொண்டு வெளியே வந்துவிடும். இரண்டு பக்கத்துக்குமாக எட்டு வாஷர் எண்ணி அந்த மூடியில் வைத்தவள் நான். முதலில் வாஷர் இல்லாமல் நட்டை விரலால் ஏற்றி ராடை உட்கார வைப்பேன், பிறகு கழற்றி, வாஷர் போட்டு முறுக்குவேன். வலது பக்கத்துக்கு நான்கு போனது. மிச்சம் நான்கு இங்கே இருந்தால் இடது பக்கம் முறுக்கப்படவே இல்லை.

எல்லாம் ஞாபகம் வந்தது. முந்தாநாள் மத்தியானம் வலது பக்கத்தை முறுக்கினேன். இவர் வந்து என் வேலையைச் சரிபார்க்கும்வரை காத்திருப்பதா என்ற வீம்பில் மஞ்சளையும் நானே வைத்தேன். இடது பக்கம் நட்டை விரலால் ஏற்றி முடித்த நேரம் மகள் துறைமுகத்துச் சீருடையைப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். "எப்படிம்மா இருக்கு?" என்றாள். அவளை நிமிர்ந்து பார்க்கக் கூடாது என்று இருந்தது எனக்கு. கையில் பிரஷ் இருந்தது. முகத்தைத் திருப்பிக்கொள்ள ஒரு சாக்கு வேண்டி அந்த நான்கு நட்டிலும் நிதானமாக மஞ்சள் இழுத்துக்கொண்டே, "உனக்கென்ன, சிறகு முளைச்சாச்சு" என்றேன். அவள் போய்விட்டாள். நான் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். திரும்பி வந்தபோது இவர் பிரேக் டிரம்மை மாட்டிச் சக்கரத்தையும் ஏற்றியிருந்தார். வேலை முடிந்தது என்று நானும் கையைக் கழுவிவிட்டேன்.

மகளுக்குப் போன் அடித்தேன். அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்க மாட்டாள். ஓட்டும்போது போனை எடுத்தால் கையை உடைப்பேன் என்று சொல்லி வளர்த்தவள் நான்தான்.

அவர் இன்னும் வாசலிலேயே நின்றிருந்தார். ஒன்பது நாள் கழித்து நான் அவரிடம் பேசிய முதல் வார்த்தை இதுதான்: "இடது பக்கம் முறுக்கலங்க."

அவர் என் உள்ளங்கையில் இருந்த வாஷர்களைப் பார்த்தார். உள்ளே போய் டார்க் ஸ்பானர், நீட்டுக் கம்பி, ஆயில் பாட்டில் எல்லாவற்றையும் பையில் போட்டு என் தோளில் மாட்டினார். மஞ்சள் டப்பாவையும் போட்டார். பைக்கை மிதித்தார்.

பட்டணத்தைத் தாண்டினோம். பிறகு அவர் காற்றுக்கு மேல் கத்திச் சொன்னார். "டிரம் மாட்டும்போது மஞ்சளைப் பார்த்தேன். நான் வைக்கலன்னு எனக்குத் தெரியும்."

"அப்புறம் ஏன் ஸ்பானர் போட்டுப் பாக்கல?"

"பாத்தா உன்னைச் சந்தேகப்படறேன்னு நினைப்ப. ஏற்கெனவே மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க."

"வாயத் திறந்து கேட்டிருக்கலாம்ல?"

"நீ திறந்தியா?"

போனை விட்டு விட்டு அடித்துக்கொண்டே வந்தேன். சாலையோரத்தில் எது வெள்ளையாகத் தெரிந்தாலும் அவளுடைய வண்டியோ என்று எட்டிப் பார்த்தேன். ஒரு இடத்தில் கவிழ்ந்த தண்ணீர்த் தொட்டி, ஒரு இடத்தில் சுண்ணாம்பு மூட்டை. இவ்வளவு தூரம் எப்படி ஓடியிருக்கும்? இன்னும் இருபது கிலோமீட்டரில் மலை. ஏறும்போது ஒன்றும் ஆகாது, இறக்கத்தில் வளைவுக்கு வளைவு சக்கரம் வெளியே இழுக்கும். இதையெல்லாம் தெரிந்து வைத்திருப்பதும் ஒரு தண்டனை.

வேண்டுமென்றே விட்டாயா என்று அவர் கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. அதனால் நானே கேட்டுக்கொண்டேன். அவள் போகக் கூடாது என்று நினைத்தேன், நிஜம். பாதி வழியில் திரும்பி வந்துவிட மாட்டாளா என்றும் நினைத்தேன். பாதி வழியில் திரும்ப வேண்டுமென்றால் வண்டிக்கு ஏதாவது ஆக வேண்டுமே, அது எனக்குத் தெரியாதா? பிரஷ் பிடித்த கை என் கைதான். அது அந்த நேரத்தில் யார் பேச்சைக் கேட்டது என்று எவ்வளவு யோசித்தும் எனக்குப் பிடிபடவில்லை.

மலை தொடங்குவதற்குச் சற்று முன்னால், லாரிகள் ஒதுங்கும் மண் திட்டில் பிக்கப் நின்றது. நிமிர்ந்து, நான்கு பக்கமும் முழுசாக. இல்லை, மூன்று பக்கம். இடது பின்சக்கரம் கழற்றித் தரையில் கிடந்தது. பக்கத்தில் டிரம். மகள் குந்தி உட்கார்ந்து உள்ளே டார்ச் அடித்துக்கொண்டிருந்தாள். அவர் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன்.

"நீங்க எப்படி வந்தீங்க?" என்றாள். அப்புறம் தேர்ந்த மெக்கானிக் மாதிரியே விவரம் சொன்னாள். "பிரேக் போடறப்ப டக்குனு ஒரு சத்தம்மா. இறங்கிப் பாத்தா டயர் உள்பக்கம் ஆயில். மேல ஏத்த வேணாம்னு ஓரங்கட்டிட்டேன். என்னன்னு பாத்துட்டுக் கூப்பிடலாம்னு போனை உள்ளயே வச்சுட்டேன்." ஒரு நட்டை இரண்டு விரலால் பிடித்துச் சுற்றிக் காட்டினாள். "விரலுக்கே சுத்துது. ஆனா மஞ்சள் இருக்கு. யாரு வச்சது?"

"நான்தாம்மா, அவசரத்துல..." என்று அவர் ஆரம்பித்தார்.

"நான்" என்றேன் நான். "முறுக்காமலே வச்சேன். நீ யூனிபார்ம் போட்டு வந்து நின்னப்ப."

அவள் என்னையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தாள். ஆயில் துணியால் பழைய மஞ்சளை அழுத்தித் துடைத்தாள். நகர்ந்து இடம் விட்டாள். "முறுக்கு" என்றாள். "நான் பாக்கறேன்."

வாஷரை ஒவ்வொன்றாகப் போட்டேன். முதல் நட்டு. இரண்டாவது. மூன்றாவது. நீட்டுக் கம்பி இரண்டு தடவை நழுவியது, மறுபடி மாட்டினேன். நான்காவதில் ஸ்பானரை மாட்டினேன். இதை முறுக்கிவிட்டால் அவள் போய்விடுவாள். என் உடம்பின் பாரம் முழுவதையும் போட்டு முறுக்கினேன்.

அவள் டார்க் ஸ்பானரை வாங்கி நான்கையும் சோதித்தாள். நான்கு முறையும் டிக் என்றது. பிரஷை எடுத்து மஞ்சள் வைத்தாள்.

"வேணும்னு விடலடி" என்றேன். கேட்காத கேள்விக்குப் பதில்.

"தெரியும்மா" என்றாள் கோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். "வேணும்னு விட்டிருந்தா வாஷரை ஒளிச்சு வச்சிருப்ப. நீ அவ்வளவு மோசமான மெக்கானிக் இல்ல."

அவர் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன், சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது. அவள் என் முகத்தைத் துடைக்கப் போய் ஆயிலை அப்பிவிட்டாள். டிரம் ஏறியது, சக்கரம் ஏறியது, குறைந்த ஆயிலை அவர் ஊற்றி நிரப்பினார்.

"போய்ட்டு வரேம்மா" என்றாள் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு.

"போய்ட்டு வாடா கண்ணு" என்றேன். "மேட்டுல ரெண்டாவது கியர்லயே போ. இறங்கறப்பவும். உச்சியில நிறுத்தி டிரம்மைத் தொட்டுப் பாரு. யூனிபார்ம் நல்லா இருந்துச்சு."

பிக்கப் மண்ணிலிருந்து சாலைக்கு ஏறும் இடத்தில் ஒரு லாரிக்காகப் பிரேக் போட்டு நின்றது. பக்கத்தில் அவர் இருமினார். அவர் கையைப் பிடித்து நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்துக் கேட்டேன். டக்கென்ற சத்தம் இல்லை. என் வேலையில் ஒரு குறையும் இல்லை. லாரி போனது, அவளும் போனாள்.