கப்பல் டி.வி.க்கு ஒரு காய்ச்சல் சார்ட்

1

ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: நான் கடலுக்குள் போனதே இல்லை. இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஆம்பூரில், ஒரு வீட்டுப் பீரோவில். ஆஸ்பத்திரிக் காய்ச்சல் சார்ட் ஒன்று. நோயாளி பெயர் எழுதும் இடத்தில் ‘டி.வி.’ என்று இருந்தது. டிகிரி இருக்க வேண்டிய கட்டங்களில் மணி கணக்கு. யாருடையது என்று கேட்டேன். அந்த வீட்டு நர்ஸம்மா மெர்சி சிரித்தார்.

(எனக்குச் சொன்னபோது ‘அவர்’. கதைக்குள் வந்ததும் ‘அவள்’. மன்னிப்பாராக.)

2

முதலில் இப்படித்தான் தொடங்கினேன்: ‘அலைகள் ஓயாத அரபிக்கடலின் நடுவே இன்பராஜ் தன்னந்தனியாக—’

வேண்டாம். மெர்சியின் கணவன் தனியாக இல்லை. எண்ணெய்க் கிணற்று வேலையாட்கள் தங்கும் கப்பல் அது. எண்பது பேர் இருந்தார்கள். எண்பது பேரும் எலெக்ட்ரீஷியனான அவனைத்தான் திட்டிக்கொண்டிருந்தார்கள். 2003, உலகக் கோப்பை கிரிக்கெட்டுக்கு மூன்று வாரம். டி.வி. பாதி நாள் வரும், பாதி நாள் வராது.

கதை நடந்தது ஆம்பூரில். மெர்சிக்கு ஏழாம் மாதம். நர்ஸ் வேலைக்கு லீவு போட்டிருந்தாள். வீட்டில் போன் இல்லை. கப்பலில் ஆளுக்கு வாரம் பத்து நிமிடம்தான். ஞாயிறு மதியம் பக்கத்து வீட்டு ரஃபத் ஜஹானின் கேபிள் டி.வி. ஆபீசுக்கு அழைப்பு வரும். இன்பராஜ் முன்பு அங்கேதான் கம்பம் ஏறிக்கொண்டிருந்தான். அதனால் பத்தில் எட்டு நிமிடம், ‘ஆபா’ (அக்கா) என்று அவளிடம் கப்பலின் டிஷ் ஆன்டெனா பற்றிப் பேசுவதிலேயே போகும்.

“ஆபா, கேபிள் மாத்திட்டேன். கனெக்டர்ல உப்பு பூத்திருந்துச்சு, அதையும் மாத்திட்டேன். ஆறு மணி நேரம் கண்ணாடி மாதிரி வருது. அப்புறம் புள்ளி புள்ளியா போய்டுது.”

“கப்பல் திரும்பிக்குதா?”

“திரும்புனா டிஷ்ஷும் தானா திரும்பிக்கும் ஆபா. அப்படி மிஷின் வெச்சிருக்கு.”

“எப்பெப்ப போவுதுன்னு எழுதி வை. அடுத்த வாரம் சொல்லு. இந்தா, மெர்சி.”

“சாப்ட்டியா மெர்சி? புள்ள இன்னா பண்ணுது?”

“உதைக்குது. நீங்க—”

கட்.

“உன் புருஷனோட பேஜாரும்மா,” என்றாள் ரஃபத் ஜஹான்.

3

அடுத்த ஞாயிறு அவன் நேரங்களைப் படித்தான். மெர்சியின் பையில் இருந்த ஒரே காகிதம் அந்தச் சார்ட். கோபத்தோடுதான் எழுதினாள். காலை ஆறு பத்து. மறுநாள் ஏழு. அதற்கு மறுநாள் ஏழு ஐம்பது. கடைசியாக அவன், “உலகக் கோப்பைக்குள்ள சரி பண்ணலன்னா அடுத்த ஹெலிகாப்டர்ல ஊருக்கு அனுப்பிடுவாங்களாம்,” என்றான். லைன் அறுந்தது.

பழக்கதோஷம், புள்ளிகளைச் சேர்த்து கோடு இழுத்தாள். ஸ்கேல் வைத்தது போல ஏறியது.

“ஆபா, தெனமும் அம்பது நிமிஷம் தள்ளிப் போவுது. இந்த மாதிரி காய்ச்சல நான் பாத்ததே இல்ல.”

“அம்பது நிமிஷமா?” ரஃபத் ஜஹான் காகிதத்தை வாங்கிப் பார்த்தாள். “நிலாதான் அப்படி. பிறை பாத்த மறுநாள்லேர்ந்து தெனமும் அவ்ளோ லேட்டாதான் எறங்கும்.”

“டி.வி.க்கும் நிலாவுக்கும் இன்னா ஆபா?”

அன்று சாயங்காலம் அரிசி களைந்துகொண்டிருந்த மெர்சி, ஈரக்கையோடு ஓடிவந்தாள். கடல் நிலாவைப் பார்த்துத்தானே ஏறி வடிகிறது?* தண்ணீர் போக்கு மாறினால் நங்கூரமிட்டு நிற்கும் கப்பலும் திரும்பும்.

“டிஷ் வானத்துல அதே எடத்தயேதான் பாக்குது ஆபா. கப்பல் திரும்புறப்ப நடுவுல இன்னாவோ வந்து நிக்குது!”

“எதிர்வீட்டுக்காரன் மாடி கட்டுனப்ப நம்ம டிஷ் மறைஞ்சுபோச்சே, அந்த மாதிரி!”

(* சரிபார்க்க ஒரு பஞ்சாங்கத்தையும் ஒரு மாலுமியையும் தேடினேன். பஞ்சாங்கம்தான் கிடைத்தது.)

4

இங்கேதான் எனக்கு மெர்சி மேல் சந்தேகம் வந்தது. விடை அவள் கையில். சொல்லாவிட்டால் அவன் பிரசவத்துக்கு வீட்டில் இருப்பான். சொன்னால் ஒப்பந்தப்படி இன்னும் நான்கு மாதம் கடலிலேயே.

“சொல்றதும் சொல்லாததும் உன் இஷ்டம். நான் வாயத் தொறக்க மாட்டேன்,” என்றாள் ரஃபத் ஜஹான்.

அந்த வாரம் மெர்சி எப்படித் தூங்கினாள் என்று ஒரு பத்தி எழுதி அடித்தேன். பிறகு, அவள் மௌனமாக இருந்துவிடுவதாக ஒரு முடிவு எழுதினேன். இன்பராஜ் பெட்டியோடு ரயிலில் வந்து இறங்குகிறான், குழந்தையை—

அதை மெர்சியிடம் படித்துக் காட்டினேன். கேட்டார்: “அப்படியும் பண்ணியிருக்கலாம் இல்ல?”

5

நடந்தது இது. ஞாயிறு மணி அடித்ததும் ரிசீவரை மெர்சியே எடுத்தாள்.

“ஆபாவக் கூப்புடு மெர்சி.”

“நான் சொல்றேன். இப்ப படம் வருதா?”

“இல்ல.”

“வெளிய போய் டிஷ்ஷுக்கு முன்னாடி இன்னா நிக்குதுன்னு பாத்துட்டு வாங்க.”

“முன்னாடி இன்னா நிக்கும்? சுத்தி தண்ணி மட்டும்தான்.”

“போங்கன்றேன்!”

ரிசீவரைக் கீழே வைத்த சத்தம். ஓடும் பூட்ஸ். அதன் பிறகு வெறும் காற்று. இத்தனை மாதமும் அவன் இருந்த இடத்தை அன்றுதான் முதல்முறையாகக் கேட்டாள். கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. கிரேனா, புகைக்குழாயா என்பதைத் தவிர வேறு நினைப்பே இல்லை.

மூச்சு வாங்க வந்தான். “கிரேன் மெர்சி! கையத் தூக்கி நேரா குறுக்க நிக்குது. நாலு பக்கமும் தண்ணி, கப்பல் திரும்புறதே எங்களுக்குத் தெரியல. உனக்கு எப்படித் தெரிஞ்சுது?”

“சார்ட் போட்டேன்.”

கிரேனின் கையை மடக்கிவைக்கச் சொன்னால் போதும், படம் வந்துவிடும் என்றான். அப்புறம்தான் அவனுக்கு உறைத்தது.

“மெர்சி... படம் வந்துட்டா என்ன இங்கியே வெச்சுக்குவாங்க.”

“தெரியும்.”

“தெரிஞ்சா சொன்ன?”

இன்னும் ஒன்றரை நிமிடம் பாக்கி இருந்தது. முதல்முறையாக டிஷ் பற்றிப் பேச ஒன்றுமில்லை. மெர்சி ரிசீவரை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டாள். ரஃபத் ஜஹான் எழுந்து, துணி காயப்போட வேண்டும் என்று சொல்லிவிட்டு வெளியே போனாள்.

அந்த ஒன்றரை நிமிடத்தை மெர்சி எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ரஃபத் ஜஹானுக்குப் பின்னாலேயே நானும் போகிறேன். நீங்கள் வேண்டுமானால் இருங்கள்.