நித்தியின் முதுகுப்பிடிப்பு

நித்தியானந்தனுக்கு முதுகு பிடித்ததற்கு நான்தான் காரணம். முதலில் அது டொக்டர் கொடுத்த கடிதத்தில் மட்டும் இருந்த பிடிப்பு. உண்மைப் பிடிப்பு பிறகு வந்தது. அதற்கும் நானேதான் காரணம்.

2006, ஜூன் மாதக் கடைசி நாள், வெள்ளிக்கிழமை. உலகக் கிண்ணக் காலிறுதியில் ஜெர்மனியும் ஆர்ஜென்டினாவும் மோதுகின்றன. நாடு முழுக்கத் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்துவிடும், பாதையில் காக்கா குருவி இராது. சைக்கிள் ஓட இதைவிட நல்ல நாள் எங்கே கிடைக்கும்? ஜெர்மனியில் நாங்கள் இருந்த ஹம் நகரிலிருந்து கால்வாய்க் கரையோடு ஒரு நாள் சுற்றிவருவோம் என்று நான் மூன்று நாளாக அவனை அரித்துக்கொண்டிருந்தேன்.

"ஏலாத விசயம்," என்றான். "எனக்குத் தொழிற்சாலையில பின்னேர வேலை. ஆறு மாதச் சோதனைக் காலம் வெள்ளியோட முடியுது. திங்கள் நிரந்தரக் கடிதம் தந்தால்தான் கௌரிக்கு விசா. போர்மன் பிரிங்க்மான் ஒரு சொல் மாறி எழுதினால் நான் துலைஞ்சன்."

கௌரி என்பது சிவகௌரி, அவன் மனைவி. சமாதான காலத்தில் யாழ்ப்பாணம் போய்க் கலியாணம் முடித்து, இருபது நாள் அவளோடு இருந்துவிட்டு வந்தவன். இப்போது அங்கே மறுபடி வெடிக்கத் தொடங்கியிருந்தது. பாதை எப்போது பூட்டுப்படும் என்று ஒருவருக்கும் தெரியாது. இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும்தான் சொன்னேன்.

"டொக்டரட்டைப் போய் முதுகு பிடிச்சிட்டுது எண்டு சொல்லு. முதுகைத் திறந்து ஆர் பாக்கப் போறான்?"

என் வாயில் சனி குடியிருக்கிறது என்று அம்மா சும்மா சொல்லவில்லை.

வெள்ளி காலை வெளிக்கிட்டோம். ஒரு நாள் பயணத்துக்கு நித்தி கலியாண வீட்டுக்குக் கட்டுவதுபோலச் சாமான் கட்டியிருந்தான். இடியப்பப் பார்சல், சம்பல், மழைக்கோட்டு, குறடு, வயர்ச் சுருள். "வயர் என்னத்துக்கடா, வழியில கரண்ட் குடுக்கப் போறியோ?" என்று கேட்டேன். அவன் முறைத்தான். சோளக் காடுகளும் மாட்டுப் பண்ணைகளும் தாண்டி, வேர்ண என்ற ஊர் வரை போய், மரத்தடியில் சாப்பிட்டு, ஒரு குட்டித் தூக்கமும் போட்டோம். எதிரே மனித வாடையே இல்லை. நித்திகூடச் சிரிக்கத் தொடங்கிவிட்டான்.

திரும்பும் வழியில், ஆறு மணியளவில், மழை பிடித்துக்கொண்டது. இடி வேறு. கரையோரம் நின்ற மரக்குடில் ஒன்றுக்குள் ஓடினோம். உள்ளே ஏற்கெனவே ஐந்தாறு ஜெர்மன்காரர், அவர்களுடைய சைக்கிள்கள், பியர்ப் போத்தல்கள், நடுவில் ஒரு சின்ன வானொலி. ஆர்ஜென்டினா ஒரு கோல் அடித்துவிட்டது. செத்த வீட்டு முகங்கள்.

கொஞ்ச நேரத்தில் வானொலியும் இரண்டு தரம் இருமிவிட்டு அடங்கியது. பற்றரி முடிந்துவிட்டது. பச்சை மழைக்கோட்டுக்காரர் ஒருவர் அதைத் தட்டினார், குலுக்கினார், கெஞ்சினார். எனக்குப் பாவமாகிவிட்டது. என் வாய் தானாகத் திறந்தது.

"என் நண்பன் இதைப் பேச வைப்பான்!"

நித்தி என் விலாவில் குத்தினான். மழைக்கோட்டின் தலைமூடியை மூக்கு வரை இழுத்துவிட்டிருந்தான்.

"நாசமாப் போவானே, அந்தப் பச்சைக் கோட்டுத்தான் பிரிங்க்மான்!"

சொன்னதைத் திருப்பி விழுங்கப் பார்த்தேன். ஆனால் ஆறு ஜெர்மன்காரரும் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். இனி ஓடவும் ஏலாது, வெளியே இடி. நித்தி குனிந்த தலை நிமிராமல் சைக்கிளைக் கவிழ்த்தான். பொருளாதாரத் தடை காலத்தில் யாழ்ப்பாணத்தில் பற்றரி இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் வரும் மின்சாரத்தில்தான் நாங்கள் செய்தி கேட்டோம். அன்றிலிருந்து வயரும் ஒரு டயோட்டும் இல்லாமல் நித்தி எங்கும் போவதில்லை. இரண்டையும் மாட்டினான். மிதியைச் சுற்றினான். வானொலி மூச்சு விட்டுப் பேசத் தொடங்கியது. குடிலே அதிர்ந்தது.

நித்தி சுற்றினான். ஜெர்மனி ஒரு கோல் திருப்பி அடித்தது. மேலதிக நேரம் வந்தது. சுற்றுவது தளர்ந்தால் குரல் செத்துவிடும் என்பதால் அவன் குனிந்தபடியே ஒரு மணித்தியாலம் சுற்றினான். முகம் தெரியாமலிருக்க அதுவும் வசதிதான். அதிலும் முடிவு வராமல் ஆட்டம் தண்ட உதைக்குப் போனபோது நான் கை மாற்றினேன். அவன் நிமிரப் பார்த்தான். முடியவில்லை. அம்மா என்று கத்தினான். தலைமூடி நழுவி விழுந்தது.

"நித்தியானந்தன்?" என்றார் பிரிங்க்மான். "உனக்கு முதுகு பிடித்திருக்கிறது என்றல்லவா கடிதம் வந்தது?"

"ஆமாம் ஐயா," என்றான் நித்தி, பாதி வளைந்தபடி. "தாங்க முடியவில்லை." முதுகைப் பற்றி அவன் சொன்ன ஒரே உண்மை.

அவன் கண்ணில் தண்ணீர் நின்றது. அது முதுகுக்கு வந்ததில்லை. அதைப் பார்த்ததும் எனக்கு என் மேலேயே ஆத்திரம் வந்தது. இருபது நாள் சேர்ந்திருந்தவர்களை நான் அல்லவா பிரித்து வைக்கப் பார்க்கிறேன். வானொலியில் அறிவிப்பாளர் மூச்சடைக்கக் கத்திக்கொண்டிருந்தார். ஆர்ஜென்டினாவின் நாலாவது உதை. இதைத் தடுத்தால் ஜெர்மனிக்கு வெற்றி. உதைப்பவர் ஓடி வருகிறார்.

நான் கையை எடுத்தேன்.

வானொலி செத்தது. பிறகு ஆறு பேரும் ஒரே நேரத்தில் அலறினார்கள்.

"திங்கட்கிழமை இவன் கடிதம் என்ன ஆகும்?" என்று பிரிங்க்மானைக் கேட்டேன்.

"சுற்று!"

"கடிதம்?"

"சொல்லித் தொலையேன்!" என்று மற்றவர்கள் பிரிங்க்மான் மேல் பாய்ந்தார்கள்.

"நான் இவனைக் காணவே இல்லை!" என்று அவர் கத்தினார். "எப்படிக் காண முடியும்? நான் வயிற்றுப்போக்கோடு வீட்டில் படுத்திருக்கிறேன்! என் டொக்டரும் கடிதம் கொடுத்துவிட்டார்! சுற்று மனிதா!"

சுற்றினேன். வானொலி உயிர் பெற்றபோது அதற்குள் ஒரே ஆரவாரம். பந்தைத் தடுத்து, வென்று, எல்லாம் முடிந்திருந்தது. அந்த ஒரு நொடியை நாடே கேட்டது, நாங்கள் மட்டும் கேட்கவில்லை. அதற்காக அவர்கள் என்னைக் கால்வாயில் தூக்கிப் போட்டிருப்பார்கள். ஆனால் எல்லோரும் ஏற்கெனவே கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார்கள். பிரிங்க்மான் நித்தியையும் கட்டிப்பிடித்தார். அவன் முதுகில் இன்னொரு தரம் மளுக்கென்றது.

ஹம் வரை அவன் நடந்தான். நான் இரண்டு சைக்கிளையும் தள்ளினேன்.

திங்கட்கிழமை கூனிக்கொண்டே வேலைக்குப் போய்க் கடிதத்தை வாங்கி வந்தான். "முதுகு எப்படி?" என்று பிரிங்க்மான் கேட்டாராம். "உங்கள் வயிறு எப்படி?" என்று இவன் கேட்டானாம்.

பின்னேரம் நான் அவன் முதுகில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தபோது கௌரிக்குத் தொலைபேசி எடுத்தான்.

"கடிதம் வந்திட்டுது," என்றான். "நீர் வெளிக்கிடும்."

பிறகு அழுதான். நோகிறதா என்று அவள் கேட்டிருப்பாள் போல.

"ஓம்," என்றான். "முதுகுதான்."