கம்பத்தின் மேல் ஒரு முதலீடு

முதலீட்டாளர் மாநாடு நடந்த நாளில் மின்கம்பத்தின் மேல் ஏறிய லைன்மேன் சாகவும் இல்லை, கீழே இறங்கவும் இல்லை. அவர் மேலேயே இருந்த காலத்தில் ஆட்சிகள் மாறின, ஒவ்வொரு மாற்றத்தின்போதும் கம்பத்துக்கு வேறு வண்ணம் பூசப்பட்டது.

மின்வாரியத்தில் ஒரு வழக்கம் உண்டு. கம்பத்தில் ஏறுபவர் முதலில் துணைமின்நிலையத்தைக் கேட்டு மின்சாரத்தை நிறுத்தச் செய்வார். அதற்கு 'லைன் கிளியர்' வாங்குவது என்று பெயர். வேலை முடிந்து தரையில் கால்வைத்த பின், லைனைத் திரும்பக் கொடுத்துவிட்டதாகத் தம் வாயாலேயே சொல்வார். அச்சொல் வரும்வரை அமைச்சரே வந்து நின்றாலும் சுவிட்சின் மீது எவரும் கைவைக்கலாகாது. அன்று துணைமின்நிலையத்தில் பணியில் இருந்த ஆபரேட்டர், லைன்மேனுடைய மனைவியின் தம்பி. மாநாட்டு மண்டபமோ அதே லைனில் இருந்தது. வளரும் நாட்டின் மின்துறையில் கொட்டிக்கிடக்கும் வாய்ப்புகளைக் குறித்து வெளிநாட்டு விருந்தினருக்குப் படம் காட்டத் தொடங்கிய வேளையில் மண்டபம் இருண்டது. ஜெனரேட்டருக்கு ஊற்றவேண்டிய டீசலை ஒப்பந்தக்காரர் முன்தினமே விற்றிருந்தார். செயற்பொறியாளர் தொலைபேசியை எடுத்தார்.

"விருந்தாளிங்க இருட்டுல உக்காந்திருக்காங்க. போடுய்யா."

"சார், எங்க அத்தான் மேல இருக்காரு. அவர் வாயால சொல்லணும்."

"ஒரு பியூஸ் மாத்த இவ்வளவு நேரமா? இந்நேரம் இறங்கி டீ குடிச்சிட்டிருப்பாரு உங்க அத்தான். உனக்கு வேலை வேணுமா, வேண்டாமா?"

ஆபரேட்டர் சுவிட்சைப் போட்டான். பின்னர் வெளிவந்த விசாரணை அறிக்கை, மின்சாரம் செலுத்தப்பட்டது என்று கூறியது. செலுத்தியவர் யார், செலுத்தச் சொன்னவர் யார் என்னும் எழுவாய் அவ்வறிக்கையின் எந்த வாக்கியத்திலும் இல்லை.

கரிக்கட்டையாகி விழவேண்டிய லைன்மேன் மெல்ல ஒளிரத் தொடங்கினார். முதலில் விரல்கள், பிறகு காதுமடல்கள், பிறகு காக்கிச் சட்டைக்குள் மார்பு. கம்பத்தடியில் இருந்த வீட்டில் தையல் இயந்திரத்தை மிதித்துக்கொண்டிருந்த அவருடைய மனைவி, துணியின்மேல் வெளிச்சம் விழுவதைக் கண்டு வெளியே வந்தாள்.

"என்னங்க, வலிக்குதா?"

"வலி இல்ல. விறுவிறுன்னு இருக்கு. உன் தம்பிகிட்ட சொல்லி அணைக்கச் சொல்லு. லைன் உசிரோட இருக்கும்போது என் கால் தரையில பட்டா நான் சாம்பல். என்னைத் தொடுறவனும் சாம்பல்."

அவள் துணைமின்நிலையத்துக்கு ஓடினாள். அதற்குள் செய்தி முந்திவிட்டது. மின்மானியின் முள் பின்னோக்கி ஓடிக்கொண்டிருந்தது. நிலையத்திலிருந்து கம்பத்துக்குப் போகவேண்டிய மின்சாரம், கம்பத்திலிருந்து நிலையத்துக்கு வந்துகொண்டிருந்தது. விருந்தினர் அதனை நேரில் பார்த்தனர். நிலக்கரி வேண்டா, அணை வேண்டா, காற்றுக்காகக் காத்திருக்கவும் வேண்டா; இத்தகைய வாய்ப்பை எந்நாட்டிலும் கண்டதில்லை என்று அவர்களுள் மூத்தவர் கூறினார். அன்று மாலையே ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. கண்ணிமைக்கும் நேரங்கூட மின்சாரத்தை நிறுத்தலாகாது. நிறுத்தினால் அரசு தண்டம் கட்டவேண்டும். மின்சாரம் வந்தாலும் வராவிட்டாலும் ஊரார் விருந்தினரின் நிறுவனத்துக்கு நிலைக்கட்டணம் செலுத்தவேண்டும். படிக்காமல் கையெழுத்திட்டவர்களை மன்னிக்கலாம். படித்துவிட்டுக் கையெழுத்திட்டவர்களும் அந்த அறையில் இருந்தார்கள்.

சுவிட்சைச் சுற்றி இரும்புக்கூண்டு அமைக்கப்பட்டது. அதன் சாவி ஆபரேட்டரிடமே கொடுக்கப்பட்டது. வேலைக்கு அஞ்சுபவனைக் காட்டிலும் நல்ல பூட்டு இல்லை என்பதைச் செயற்பொறியாளர் அறிந்திருந்தார். அக்காள் அன்றிலிருந்து தம்பியிடம் பேசவில்லை. எதிரில் வந்தால், தெருவில் நாய் வருவதைப்போல் ஒதுங்கிப் போனாள்.

அவள் மனுக்கொடுத்தாள். கணவர் உயிரோடு இருந்தால் சம்பளம் தரவேண்டும், இறந்திருந்தால் ஓய்வூதியம் தரவேண்டும் என்பதே அவள் கேட்டது. இரண்டும் இல்லை என்றது வாரியம். அவர் பணியாளர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டுத் தளவாடப் பட்டியலில் சேர்க்கப்பட்டிருந்தார். மின்சாரம் தடித்த கம்பிகள் வழியாகத் தொழிற்பேட்டைக்குப் போயிற்று. தெரு பழையபடி இருண்டது. லைன்மேனுடைய உடல்வெளிச்சம் மட்டும் இலவசமாகக் கீழே சிந்திக்கொண்டிருந்ததை மின்னிழப்பு என்று கணித்த நிறுவனம், அவரைச் சுற்றித் தகரக்கூடு ஒன்றை அடித்தது. தச்சன் தவறாக அடித்துப் பிடுங்கிய ஆணியின் துளை வழியாக ஒரு கீற்று வெளிவந்தது. அவள் தையல் இயந்திரத்தை அக்கீற்று விழுமிடத்துக்கு நகர்த்தினாள். ஒளித்திருட்டு என்று அறிவிக்கை வந்தது, துளையில் தார் பூசப்பட்டது. அதன்பின் கணவனும் மனைவியும் தகரத்தின் ஊடாகவே பேசிக்கொண்டார்கள். அவள் தலை நரைத்தது. பேச்சு குறைந்தது. "இருக்கீங்களா?" என்று அவள் கேட்பாள். "எங்க போவேன்?" என்று தகரம் பதில் சொல்லும்.

இரண்டாம் மாநாட்டை ஒட்டி நிறுவனம் விரிவாக்கத்தை அறிவித்தது. தெருவுக்கொரு கம்பம், கம்பத்துக்கொரு பட்டதாரி. படித்துவிட்டு வேலையில்லாமல் இருந்த இளைஞர்கள் சான்றிதழ்களோடு விடியுமுன்பே வரிசையில் நின்றார்கள். சிபாரிசுகள் பறந்தன. ஆபரேட்டருடைய மகன் தேர்வானான். அன்றுதான் அக்காள் தம்பி வீட்டுப் படியேறினாள்.

"உன் புள்ளைய எந்தக் கம்பத்துல ஏத்துறாங்களாம்?"

"உங்க தெருவுலதான், அக்கா. பக்கத்துக் கம்பம். எவ்வளவோ சொல்லிப் பாத்தேன். நிரந்தர வேலை, விடமாட்டேன்கிறான்."

"நல்லதாப் போச்சு. அவன் மாமனுக்கும் பேச்சுத்துணை ஆச்சு."

தம்பி தலை கவிழ்ந்தான். அவள் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பிப்போனாள்.

மறுநாள் மாநாட்டில், இப்போது வாரியத் தலைவராகிவிட்ட அதே செயற்பொறியாளர் அதே மண்டபத்தில் படம் காட்டத் தொடங்கியபோது, ஆபரேட்டர் கூண்டைத் திறந்து சுவிட்சை இறக்கினான். மண்டபமும் தொழிற்பேட்டையும் இருண்டன. லைன்மேன் தகரக்கூட்டின் அடித்தகட்டை உதைத்துத் திறந்துகொண்டு, ஏறியபோது இருந்த வயதிலேயே இறங்கிவந்தார். தரையில் கால்பட்டதும் மனைவியிடம் நலம்கூட விசாரிக்கவில்லை. அவள் போனை வாங்கி, மனப்பாடமாக இருந்த எண்ணை அழைத்தார்.

"மாப்ளே, லைன் திரும்பக் கொடுத்துட்டேன்."

"சரி, அத்தான்," என்றான் ஆபரேட்டர்.

அதன் பிறகே அவர் மனைவியைப் பார்த்தார். அவள் முந்தானையால் நரையை மூடிக்கொண்டாள். "இனி நாம சேர்ந்து போனா, அம்மாவைக் கூட்டிட்டுப் போறீங்கன்னு சொல்லுவாங்க."

"சொல்லட்டும். நட, வீட்டுக்குப் போவோம்."

ஆபரேட்டர் சிறைக்குப் போனான். அவனுடைய ஓய்வூதியமும் போயிற்று. விரிவாக்கம் கைவிடப்பட்டதால் வேலையிழந்த இளைஞர்கள் லைன்மேன் வீட்டின்மீது கல்லெறிந்தார்கள். அவர்களுள் ஆபரேட்டருடைய மகனும் இருந்தான். நிறுவனத்துக்கு மட்டும் நட்டம் எதுவும் இல்லை. ஓடாமலே வருமானம் தரும் மின்னிலையம் ஓடும் நிலையத்தைவிட மேலானது என்று பங்குச்சந்தை கருதியதால் அதன் பங்குவிலை ஏறிற்று. நிலைக்கட்டணத்தோடு தண்டமும் ஊராரின் தலையில் விழுந்தது. கம்பத்தின்மேல் தாம் இல்லாததற்காகத் தம் வீட்டின் பங்கை லைன்மேன் மாதந்தோறும் வரிசையில் நின்று, சில்லறை தவறாமல் கட்டிவருகிறார்.

கட்டணச்சீட்டு பெரும்பாலும் மின்வெட்டு வேளையில்தான் வந்துசேரும். எழுத்து பொடி, அவளுக்கோ பார்வை மங்கல். லைன்மேன் வலக்கைச் சுட்டுவிரலை நீட்டுவார். பழைய வெளிச்சம் அந்த ஒரு விரலில் மட்டும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. அவர் விரலை வரிவரியாக நகர்த்த, அவள் வாய்விட்டுப் படித்து முடிப்பாள்.