நாகவேந்தன் கொடுத்த உறுதி

வாசிகசாலைத் தலைவர் தியாகலிங்கம் தமது உரையைப் பதினான்கு பக்கங்களில் எழுதிக்கொண்டு வந்திருந்தார். போர்க்காலத் தடையால் யாழ்ப்பாணத்துக்குக் கடதாசி வராமல், பிள்ளைகள் பழைய கொப்பிகளின் ஓரத்தில் கணக்குச் செய்துகொண்டிருந்த தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு அது. தமிழ் இலக்கியத்தின் வீழ்ச்சியைப் பற்றி எழுத மட்டும் அவரிடம் கடதாசிக்குக் குறைவிருக்கவில்லை.

வீழ்ச்சிக்குக் காரணம் ‘வெண்புரவித் தீவு’. சென்னையில் ஒரு பெண்மணி பாகம் பாகமாக எழுதிவரும் காதல் மாயக்கதை. பறக்கும் குதிரையில் ஓர் இளவரசன், நாகலோகத்தில் மேகவல்லி என்றொரு இளவரசி. சுன்னாகத்தைச் சுற்றியுள்ள ஊர்கள் முதல் நான்கு பாகங்களையும் மின்சாரமில்லாமல், ஜாம் போத்தலில் திரி போட்ட விளக்கில் வாசித்துக் கண்ணைக் கெடுத்துக்கொண்டன. ஐந்தாம் பாகம் ஒரு சேலைக்குள் சுற்றப்பட்டுக் கிளாலிக் கடலைக் கடந்து வந்த அன்றே, தியாகலிங்கம் அதைத் தம் வீட்டு அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் தொடர் தகுதியற்றதென்று முடிவானால் ஐந்து பாகங்களும் கூட்டுறவுச் சங்கக்கடைக்குப் போகும். அங்கே சீனி சுற்ற ஒரு துண்டுக் கடதாசி கிடையாது.

வாசிகசாலையைத் திறந்து பூட்டும் பொறுப்பு பத்மாவதியுடையது. நான்காம் பாகத்தின் கடைசி வரியில் இளவரசன் கல்லாகிப் போய்ப் பதினொரு மாதமாகிறது. அவன் மறுபடி மனிதனாகாமலே சீனிச் சுருளாகிவிடுவான் என்ற கவலையில், கூட்டத்துக்கு வருவோர் உட்கார வாங்குகளை அடுக்கும்போதே அவளுக்குக் கை ஓடவில்லை.

தியாகலிங்கம், பத்திரம் முடிக்கும் ஒரு நொத்தாரிசின் கந்தோரில் முப்பத்திரண்டு வருடம் காணி உறுதிப் பத்திரங்கள் எழுதியவர். ஆகவே அவரது விமர்சனத்தில் ‘மேற்சொல்லப்பட்ட நாவலானது’ என்பது மட்டும் பத்தொன்பது தடவை வந்தது. மூன்றாம் பக்கத்தில், இத்தகைய குப்பையைத் தாம் ஒரு வரிகூட வாசித்ததில்லை என்று அறிவித்தார். மீதிப் பதினொரு பக்கமும் அந்தக் குப்பையின் குறைகள்.

அடுத்து, மிசன் பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வுபெற்ற நோர்மன் மாஸ்ரர் எழுந்தார்.

“குதிரை கடலுக்கு மேலாலை ஏழு நாள் பறக்குது. என்னத்தைத் திண்டது? ஒரு இடத்திலையும் இல்லை. எண்டாலும் அந்த மேகவல்லிப் பிள்ளை தாயை நினைச்சு அழுகிற இடத்திலை நானும் கொஞ்சம்… சரி, அதை விடுங்கோ.”

பெண்கள் பக்கத்தில் சின்னத்தங்கம் இருந்தாள். வெங்காயத் தோட்டக்காரி. அவள் கை தூக்கினால் பின்வரிசை வாங்கு முழுதும் கை தூக்கும்.

“குதிரை பறக்கட்டும், எனக்கொண்டுமில்லை. மேகவல்லியின்ரை தகப்பன்காரன், நாகவேந்தன், அவனுக்கு ஏழு மாளிகை. ஒரேயொரு பொம்பிளைப்பிள்ளை. ஒரு வீடு எழுதிக் குடுத்தானோ? பெட்டை போய் மாமியின்ரை அரண்மனையிலை ஒரு மூலைக்கை கிடக்குது. உப்பிடியொரு மனிசனுக்கு நாலு புத்தகம்.”

“எங்கடை ஊர் மாதிரிச் சீதன வீடு இல்லை, அங்கை இந்தியாவிலை பொம்பிளைதான் மாப்பிள்ளை வீட்டை போறது,” என்றார் நோர்மன் மாஸ்ரர்.

“நாகலோகம் இந்தியாவிலையோ, மாஸ்ரர்?”

இலக்கியத்தின் வீழ்ச்சியைக் கேட்டுத் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் சீதனம் என்றதும் விழித்துக்கொண்டார்கள். வேண்டாம் என்பவர்கள் கை தூக்கலாம் என்றார் தலைவர். சின்னத்தங்கம் கையைத் தூக்கினாள், பின்வாங்கிலும் கைகள் அசைந்தன.

“அக்கா, ஐஞ்சாம் பாகத்திலை குடுப்பாரோ தெரியாது,” என்றாள் பத்மாவதி. “அதையும் வாசிச்சுப்போட்டு முடிவெடுப்பமே.”

“நாலிலை குடுக்காதவன் ஐஞ்சிலை குடுப்பானே?”

“குடுத்தவர்,” என்றார் தியாகலிங்கம்.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு நல்ல உறுதியைச் சபையில் இல்லையென்று சொன்னால் அந்த மனிதரால் பொறுக்க முடியாது.

“பக்கம் இருநூற்றுப் பதினொண்டு. சபையோர் அறிய உறுதி குடுத்தவர். சாட்சியோடை.”

“நீங்கள் வாசிக்கேல்லை எண்டெல்லோ சொன்னியள்,” என்றார் நோர்மன் மாஸ்ரர்.

“வாசிக்கேல்லை. பரிசோதிச்சனான்.”

சின்னத்தங்கம் கையை இறக்கினாள். “உறுதி எழுதினவனெண்டால் மனிசன் மோசமில்லை. கிடக்கட்டும் புத்தகம்.” பின்வாங்கும் இறக்கியது. தொடருக்கு இலக்கியத் தகுதி இல்லை, ஆயினும் அலுமாரியில் இருக்கலாம் என்று தலைவர் தீர்மானம் எழுதினார்.

அன்று மாலையே ஐந்தாம் பாகம் பத்மாவதியின் கைக்கு வந்தது. முதலில் இருநூற்றுப் பதினோராம் பக்கத்தைத் திறந்தாள். ‘நாகவேந்தன் மகளை அருகழைத்துச் சபையோர் அறிய உறுதி அளித்தான். உன் கண்ணில் இனி நீர் வரவிடேன் என்றான்.’

அவ்வளவுதான். வீடுமில்லை, ஒரு கோழிக்கூடுமில்லை. தகப்பன் வாயால் சொன்ன ஆறுதல் வார்த்தை. முப்பத்திரண்டு வருடம் ஒரே சொல்லை ஒரே பொருளில் எழுதியவருக்கு அது காணி உறுதியாகத் தெரிந்திருக்கிறது.

இளவரசன் மனிதனாகிவிட்டான், ஆனால் பத்மாவதியால் அதை அனுபவிக்க முடியவில்லை. அடுத்து வாசிக்கும் முறை சின்னத்தங்கத்துடையது. அந்தப் பக்கத்தை அடுத்ததோடு ஒட்டிவிடலாமா என்றுகூட யோசித்தாள். பசை காய்ச்ச மாவில்லை. புத்தகத்தைக் கொடுத்துவிட்டு, அவள் கண்ணில் படப் பயந்து எட்டு நாள் சங்கக்கடைப் பக்கமே போகாமல் இருந்தாள்.

ஒன்பதாம் நாள் சின்னத்தங்கம் வந்து புத்தகத்தை மேசையில் போட்டாள். அட்டையில் வெங்காயம் மணத்தது.

“உறுதியைக் கண்டனான், பிள்ளை. அந்த மனிசன் கள்ளன்.”

“அக்கா, அது வந்து…”

“எத்தினை பரப்புக் காணி எண்டு போடேல்லை. கிழக்கெல்லை என்ன, வடக்கெல்லை என்ன, ஒண்டுமில்லை. நாளைக்கு மாமிக்காரி வழக்குப் போட்டால் பெட்டை என்ன செய்யிறது?”

“அப்ப புத்தகத்தை எறியவோ?” என்று பத்மாவதி மெல்லக் கேட்டாள்.

“எறியிறதோ? ஆறாம் பாகம் எப்ப வருமெண்டு கேட்டுச் சொல்லு. எல்லை போடாமல் கதையை முடிக்கேலாது.”

மூலையில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த தியாகலிங்கம் மூக்குக்கண்ணாடியை உயர்த்தினார். “ஒரு திருத்த உறுதி எழுதினால் சரி. நான் வேணுமெண்டால் அந்தப் பெண்மணிக்கு மாதிரிப் பத்திரம் ஒண்டு எழுதி அனுப்புறன்.”

பத்மாவதி எழுந்து யன்னல்களைச் சாத்தத் தொடங்கினாள். பூட்டும் நேரத்துக்கு இன்னும் வெகுநேரம் இருந்தது, மணி மூன்றரைதான் ஆகியிருந்தது.