உருண்டைகள் வெளுக்கும் வரை

மரத்தூளை எண்ணெயாக்கும் எங்கள் கொட்டகையில் எல்லோரையும்விடக் களைத்துப் போயிருந்தவை உருண்டைகள்தான். மிளகளவு, வெள்ளை நிறம், ஒருவகைச் சுட்ட களிமண். மரத்தூளைக் காற்றுப் படாமல் சுட்டால் வரும் புகை அவற்றின் ஊடே போனால்தான் தெளிந்த எண்ணெயாகும், இல்லாவிட்டால் தார். நாற்பது மணி நேரம் உழைத்தால் கரி படிந்து கறுத்துவிடும். பிறகு சூடான காற்றை மெல்ல மெல்ல விட்டு அந்தக் கரியை எரித்தெடுக்க வேண்டும். அவசரப்பட்டால் உருண்டைகள் உருகி ஒட்டிக்கொள்ளும். கோலி விளையாடக்கூட ஆகாது.

அதிகாரி சோதிக்க வருகிறார் என்ற பயத்தில் மூன்று நாள் நிறுத்தாமல் ஓட்டி ஒத்திகை பார்த்தோம். புத்திசாலிகள். அவர் வந்த காலை பத்து மணிக்கு உருண்டைகள் அட்டக்கறுப்பு. அன்று தெளிந்த எண்ணெயைக் காட்டாவிட்டால் கொட்டகைக்குப் பூட்டு. ரசாயனம் படித்த என் மாப்பிள்ளையின் ஏழு வருஷ உழைப்பும் உள்ளே போய்விடும்.

"காத்தைக் கூட்டி விட்டுரலாமா மாமா?" என்றார். கண் இரண்டும் கோவைப்பழம்.

"சூட்டு முள்ளு ஐந்நூத்தம்பதைத் தாண்டுச்சுன்னா கதை முடிஞ்சுது. நிதானமா விடுங்க. ஆறு மணி நேரம் அவரை நான் பாத்துக்கறேன்."

"என்ன பண்ணுவீங்க?"

"உண்மையைச் சொல்லுவேன்."

மாப்பிள்ளை தலையில் கை வைத்துக்கொண்டார். என் உண்மைகள் அவருக்குப் பழக்கம்.

அதிகாரியை நாற்காலியில் உட்கார வைத்தேன். அந்த வாரம் அவருக்கு இது ஒன்பதாவது கொட்டகையாம்.

"போன வருஷம் கதவுக் கீலுக்கு இந்த எண்ணெய் ஒரு சொட்டு விட்டோம் சார். கதவு கழண்டு கடைத்தெரு வரைக்கும் போயிடுச்சு."

"திரும்பி வந்துச்சா?"

"வந்துச்சு சார். சாவியைத்தான் தொலைச்சுட்டு வந்துச்சு."

அவர் சிரிக்கவில்லை. மூன்றாவது கதையில் செருப்பைக் கழற்றினார். ஐந்தாவதில் குறட்டை. மாவு மில் சத்தத்தில் தூங்குகிறவன் மில் நின்றால் விழித்துக்கொள்வான். அதனால் நான் பேச்சை நிறுத்தவில்லை. தொண்டை மரத்தூளாகிவிட்டது.

நாலு மணிக்கு உலையின் கண்ணாடித் துளை வழியே பார்த்தால் உருண்டைகள் வெளேரென்றிருந்தன. மாப்பிள்ளை மரத்தூளைத் தள்ளினார். அரைமணியில் தேன் நிறத்தில் எண்ணெய் சொட்டியது. நான் வாயை மூடினேன். அதிகாரி விழித்தார்.

திரியை நனைத்துக் கொளுத்தினார். புகையில்லை. கையெழுத்துப் போட்டார்.

வாசலில் நின்று கேட்டார்: "பெரியவரே, அந்தக் கதவு வழியில எங்கயாவது உக்காந்துச்சா?"

"ஆறு மணி நேரம் சார். பாவம், அசதி."

தலையாட்டிவிட்டுப் போனார்.

நல்ல செய்தியைச் சொல்லத் திரும்பினேன். மாப்பிள்ளை மரத்தூள் மூட்டைமேல் வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார். விழித்துவிடக் கூடாதே என்று, கதவின் கதையை முதலிலிருந்து ஆரம்பித்தேன்.